ஊசிக்குத் தோராயம் தெரியாது

தீபாவளி நெருங்கிவிட்டால் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சேலை வாங்குவது சுலபம், ரவிக்கைக்கு ஆரி வேலை போட்டு வாங்குவதுதான் பாடு. துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கும் நூலை மேலே இழுத்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகும் வேலை அது. ஜரி, சம்கி, பாசிமணி, குந்தன் எல்லாம் அதன் மேல் ஏறும். கைக்கு ஒரு மயில், முதுகுக்கு ஒரு பல்லக்கு என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையில் மாப்பிள்ளையின் பெயரையும் முகூர்த்தத் தேதியையும் தைத்துக் கொடுக்கிறார்கள். இதைச் சிலர் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. பெயரும் தேதியும்தானே வரலாற்றின் அடிப்படைச் சரக்கு? அந்த இரண்டையும் துணியில் ஏற்றும் கைத்திறன் இந்தத் தெருவில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் நம்முடைய அரசியல் வரலாற்றில் எந்தப் பெயரையும் நாம் துணியில் ஏற்றியதில்லை. ஏற்றியிருக்க வேண்டும், இப்போதும் ஏற்றலாம், அதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். துணிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று மஸ்ஜித் இந்தியாவில் நின்றுகொண்டு கேட்க முடியாது. 1863-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் எழுப்பிய பள்ளிவாசலின் பெயரில் இயங்கும் தெரு இது. கடல் கடந்து வந்த துணியும் கடன் கணக்கும்தான் இப்படிப்பட்ட தெருக்களை வளர்த்தன. 1934-இல் பிரிட்டிஷ் அரசு மலாயாவுக்குள் வரும் ஜப்பானியத் துணிக்குக் கோட்டா போட்டது. லங்காஷைர் ஆலைகளைக் காப்பாற்றுவதற்காக இங்கே ஏழையின் சட்டைக்கு விலை ஏற்றினார்கள் என்று அதை விளங்கிக்கொள்ளலாம். எட்டு ஆண்டுகளுக்குள் ஜப்பானியப் படையே வந்து இறங்கியது. ஆக்கிரமிப்புக் காலத்தில் துணி இறக்குமதி நின்றுபோய் மக்கள் கோணிச்சாக்கை வெட்டி உடுத்திக்கொண்டதை அந்தத் தலைமுறை சொல்லிச் சொல்லி ஓய்ந்தது. ஆக, ஒரு நாட்டின் அரசியல் அதன் குடிமகனின் உடம்பில் எப்படி வந்து படுகிறது என்பதற்குத் துணியை விட நெருக்கமான சாட்சி கிடையாது. அந்தத் துணியிலேயே யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் அடுத்த கேள்வி.

எழுதி வைத்திருக்கிறார்கள், நமக்குப் பக்கத்திலேயே. 1942-இல் சிங்கப்பூர் விழுந்த பிறகு, அங்கிருந்த ஐரோப்பியக் குடிமக்களையும் மலாயாவிலிருந்து தப்பி ஓடி அங்கே மாட்டிக்கொண்டவர்களையும் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம். கணவன் மறுபக்கச் சுவருக்குள் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி பிழைத்தாளா என்று ராணுவச் சிறையிலோ மருத்துவமனையிலோ கிடந்தவனுக்குத் தெரியாது. எத்தல் மல்வெனி என்ற கனடாக்காரப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு அங்குலச் சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்து, கூடவே பெயரையும் தைக்க வேண்டும். அவற்றை இணைத்து ஒட்டுப்போர்வைகள் செய்து மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்குக் கொடுப்பது. மூன்று போர்வைகள் உருவாயின. ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். பிரிட்டிஷ் போர்வை ஒன்று, ஆஸ்திரேலியப் போர்வை ஒன்று, மூன்றாவதாக ஜப்பானியப் போர்வை ஒன்று. அந்த மூன்றாவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. எதிரியின் காயம்பட்ட வீரர்களுக்கும் சேர்த்தே செய்கிறோம் என்று காட்டினால்தான் மற்ற இரண்டும் வாசலைத் தாண்டும். ஜப்பானியப் போர்வையில் பூக்களும் இயற்கைக் காட்சிகளும் நிறைய. மற்ற இரண்டில் சிறையும் வீட்டு ஏக்கமும் நாட்டுப்பற்றும் வெளிப்படையாகவே வந்துவிட்டன. தைத்த பெயர்கள்தாம் உண்மையான கடிதம்: நான் இருக்கிறேன் என்று அந்தச் சதுரங்கள் சொல்லின. இன்று பிரிட்டிஷ் போர்வை பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மற்ற இரண்டும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் இருக்கின்றன. (வேடிக்கையான ஒற்றுமை ஒன்று: 1912-இல் லண்டன் ஹாலோவே சிறையில் வாக்குரிமை கேட்டு அடைபட்ட பெண்கள் ஒரு கைக்குட்டையில் தைத்துவைத்த கையெழுத்துகளும் 66-தான்.)

இப்போது சாங்கியிலிருந்து நம் பக்கம் திரும்புவோம். அதே ஜப்பானிய ஆட்சி, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதை போட அனுப்பியது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். இறந்துபோன நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் வரை, அதற்கும் மேலே என்று சொல்பவர்களும் உண்டு. இறந்தவர்கள் 90,000 என்பது அடிக்கடி எழுதப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கு மேல் என்பார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். இந்த எண்களை ஒரு முறை உற்றுப் பாருங்கள். எல்லாம் சைபர் சைபராக முடிகின்றன. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தின் கணக்கைப் பாருங்கள்: 5,084 காமன்வெல்த் வீரர்கள், 1,896 டச்சுக்காரர்கள். அந்த 5,084-இல் கடைசியில் நிற்கும் நாலுக்கு நாலு ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடைய 75,000-இல் கடைசி மூன்று சைபருக்குள் எத்தனை ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று சொல்ல யாராலும் முடியாது. துல்லியம் போலத் தோன்றும் பழைய கணக்குகள் சில உண்டுதான். ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, ஒத்துப்போனாலும் அவற்றில் பெயர் இல்லை.

பெயர் எழுதும் வழக்கமே தோட்டத்தில் இல்லையா என்றால், இருந்தது. விடிகாலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டில் தோட்டக் கிராணி தினமும் பெயர் கூப்பிட்டு, வருகைப் பதிவேடான செக்ரோலில் குறித்தார். நம் பாட்டன்மாரின் பெயர்கள் அளவுக்கு அன்றாடம் எழுதப்பட்ட பெயர்கள் இந்த நாட்டில் குறைவு என்று கூடச் சொல்லலாம். ஆனால் அது கூலி போடுவதற்காக எழுதிய புத்தகம். கூலி போட்டு முடிந்ததும் அதைப் பாதுகாக்க எந்தத் துரைக்கும் காரணம் இல்லை. காகிதம் யாருக்காக எழுதப்பட்டதோ அவருடைய தேவை தீர்ந்ததும் அதன் ஆயுளும் தீர்ந்துவிடுகிறது. இது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2025 மார்ச்சில் இதே மஸ்ஜித் இந்தியாவில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோவில் இருக்கும் நிலம் நாடு முழுக்கப் பேச்சானது. கோவிலுக்கு 130 ஆண்டு வயது என்றது ஒரு தரப்பு, நிலம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றது இன்னொரு தரப்பு. கடைசியில் அருகிலேயே வேறிடம் போகச் சம்மதமானது. அந்த வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. நினைவும் பத்திரமும் எதிரெதிரே நின்றால் எது ஜெயிக்கும் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

இங்கேதான் பூத்தையல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காகிதத்தில் "75,000 தமிழர்" என்று எழுத நாலு நொடி போதும். அச்சடித்தால் அதுவும் வேண்டாம். ஊசியால் அதைச் செய்ய முடியாது. எண்ணைத் தைக்கலாம், ஆனால் தைத்து முடித்ததும் அது அசட்டுத்தனமாக இருக்கும். ஊசியைக் கையில் எடுத்தவரை அந்த ஊசியே, யார் பெயர் என்று கேட்க வைக்கும். முனியம்மா என்ற ஐந்து எழுத்தைக் காம்புத் தையலில் போட்டு முடிக்கவே கணிசமான நேரம் பிடிக்கும். 'ழ' வந்தால் சுழித்துக்கொண்டு போக வேண்டும், 'ஞ' வந்தால் அவிழ்த்து மறுபடி போட வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுக்க அந்த ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். வேலையின் வேகக்குறைவே அதன் ஒழுக்கமாக இருக்கிறது. நம் சமூகத்துக்கு நடந்ததை நாம் மொத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். மேடையில், மனுவில், பத்திரிகைத் தலையங்கத்தில் எல்லாம் "லட்சக்கணக்கான நம் மக்கள்" என்றுதான் வரும். மொத்தமாகச் சொன்னதை மொத்தமாகவே மறுக்கவும் முடியும், அவ்வளவு பேர் இருக்காது என்று ஒரே வரியில். ஒரு பெயரை அப்படி மறுக்க முடியாது.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். சாங்கிப் பெண்கள் படித்தவர்கள், தோட்டத்துரைகளின் மனைவிமார்கள், டாக்டர்கள், நர்சுகள். எழுத்தும் தையலும் பள்ளியிலேயே பழகியவர்கள். சிறையில் பட்டினி இருந்தது, ஆனால் ஊசி பிடிக்க நேரமும் இருந்தது. தோட்டத்து லயத்தில் விட்டுச்செல்லப்பட்ட தமிழ்ப் பெண்ணுக்கு அப்போது என்ன இருந்தது? புருஷன் சயாமில், பிள்ளைக்கு மரவள்ளிக்கிழங்கு, உடம்புக்குக் கோணி. அவள் பூத்தையல் போடவில்லை என்று குறை சொல்வது குரூரம். முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன், அந்தப் போர்வைகளே அந்த ஏற்றத்தாழ்வுக்கு ஆவணம். துயரத்திலும் யாருக்குப் பெயர் மிஞ்சியது, யாருக்கு மிஞ்சவில்லை என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் இந்த மறுப்பு 1943-ஐப் பற்றியது. இன்றைக்கு அது பொருந்தாது. இன்று நமக்கு நூல் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அன்று தைக்க முடியாமல் போனதற்கு வறுமை காரணம். இன்றும் தைக்காமல் இருந்தால் அதற்கு வேறு காரணம்தான் சொல்ல வேண்டும்.

தையலில் வருவது உணர்ச்சி, வரலாறு அல்ல என்பது அடுத்த வாதம். வரலாற்றாசிரியர்களுக்கு அச்சு ஆவணம் வேண்டும், தேதி வேண்டும், குறுக்கு விசாரணை செய்யத்தக்க சான்று வேண்டும். ஒரு பெண் நினைவிலிருந்து தைத்ததை எப்படி ஏற்பது? இதற்கு பேயூ திரைச்சீலையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. திரைச்சீலை என்று பெயரே தவிர, அது நெசவு அல்ல, லினன் துணியின் மேல் கம்பளி நூலால் கையால் போட்ட பூத்தையல். ஏறத்தாழ 70 மீட்டர் நீளம், 900 ஆண்டுக்கு மேல் வயது. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதை அதில் இருக்கிறது. அந்தப் போரைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதே நேரம், அது ஜெயித்தவன் செலவில் தைத்தது என்பதையும், தோற்ற மன்னன் ஹெரால்டு சத்தியம் செய்துகொடுத்தான் என்று அது காட்டுவது ஜெயித்தவனுக்குச் சாதகமான கதை என்பதையும் வரலாற்றாசிரியர்கள் விவாதித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆக, பூத்தையலும் பொய் சொல்லும், பக்கம் சாயும். கல்வெட்டும் அப்படித்தான், கவர்னரின் ஆண்டறிக்கையும் அப்படித்தான். பொய் சொல்லக்கூடியது என்பதால் ஆவணம் தகுதி இழப்பதில்லை. யார் சொல்கிறார், யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்டு வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். ஊசி எப்போதும் ஏழையின் பக்கம் என்று யாராவது கவிதை பாடினால் அதையும் நம்பாதீர்கள். கோலாகங்சாரில் வெல்வெட்டின் மேல் பொன்னிழையால் போடும் தெக்காட் அரண்மனை ஆதரவில் வளர்ந்த கலை. அதிகாரமும் அழகாகத் தைக்கத் தெரிந்ததுதான்.

மூன்றாவது மறுப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வரும். கஷ்டப்பட்டுப் பெண்களைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம், மறுபடி ஊசியைக் கையில் கொடுக்கிறீர்களே என்று. ரோஸிகா பார்க்கர் 1984-இல் எழுதிய புத்தகம் ஒன்று இதைத்தான் ஆராய்கிறது. பெண்ணை அடக்கமாக உட்கார வைக்கப் பூத்தையலைக் கற்றுக்கொடுத்தார்கள், உட்கார்ந்தவள் அதையே ஆயுதமாகவும் எடுத்துக்கொண்டாள் என்பது அவர் வாதம். நம் ஊர் கான்வென்ட் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்த குறுக்குத் தையலுக்கும் முதல் பாதி பொருந்தும். இரண்டாம் பாதிதான் இங்கே நடக்காமல் போனது. ஆனால் ஊசியைப் பெண்ணுக்கென்று ஒதுக்கியதே ஒரு கற்பனை. வட இந்தியாவில் பரேலியிலும் லக்னோவிலும் ஜர்தோசி போட்டு வந்த பரம்பரைக் கைவினைஞர்களில் பெரும்பகுதி ஆண்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நம் சட்டைகளைத் தைத்த டெய்லர்கள் எல்லாரும் பெண்களா என்ன? பெயர்களைத் தைக்கும் வேலை ஆண்களுக்கும் சேர்த்தேதான். சொல்லப்போனால் மேடைப் பேச்சில் தோராயம் பேசிப் பழகியவர்கள் நம்மில் பெரும்பாலும் ஆண்கள், அவர்களுக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை.

வெளியே பார்த்தால் உதாரணங்கள் குறைவில்லை. சிலியில் 1973 செப்டம்பர் ராணுவப் புரட்சிக்குப் பிறகு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாந்தியாகோ திருச்சபையின் ஆதரவில் கூடி, சாக்குத் துணியின் மேல் பழைய துணி ஒட்டித் தைத்தார்கள். அர்ப்பியேரா என்று பெயர். பார்வைக்குக் குழந்தை பொம்மை போல இருக்கும், கிட்டே போனால் பிள்ளை எங்கே என்று கேட்கும். நாட்டுக்குள் அச்சில் வர முடியாத செய்தி துணியாகக் கடல் தாண்டியது. பாலஸ்தீனத்தில் 1987-இல் எழுச்சி தொடங்கியபோது கொடி காட்டுவது தடை. பெண்கள் கொடியின் நிறத்தையும் வரைபடத்தையும் அங்கியின் மார்பில் தத்ரீஸ் தையலாகப் போட்டு அணிந்தார்கள். அந்தத் தையற்கலையை 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. இவற்றை நான் நீட்டப் போவதில்லை, ஏனென்றால் நமக்கு இன்னும் நெருக்கமானது யாழ்ப்பாணம். அங்கே ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே தோம்பு வருகிறது, முழுமையடையாத தோம்பு. டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேட்டின் பெயரை எடுத்து, போரில் வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டு வரைபடங்களுக்கு வைத்தார். அது தையல் அல்ல, ஆனால் நான் சொல்லும் தத்துவம் அதுதான்: ஆட்சியின் பதிவேடு எடுத்துக்கொள்ளாததைக் கையின் பதிவேடு எடுத்துக்கொள்கிறது. அதே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து, லாகூரில் மேற்படிப்பு முடித்த ஹேமா ஷிரோனி ஊசியையே கையில் எடுத்தவர். வீடு, இடப்பெயர்வு, காலனி ஆட்சியும் போரும் விட்டுச்சென்ற தடம் ஆகியவற்றைக் கைத்தையலால் துணியில் கொண்டுவருகிறார். 1991-இல் பிறந்தவர் அவர், போர் நடந்தபோது வளர்ந்த தலைமுறை.

அதெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் கலை, வாங்குபவர் பணக்காரர், நம் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அர்ப்பியேராவும் வெளிநாட்டார் வாங்கியதால்தான் பிழைத்தது. இன்று சுற்றுலாக் கடையில் அதன் சாயலில் வெறும் நிலக்காட்சி விற்கிறது. சந்தை எதையும் இனிப்பாக்கிவிடும். மலேசியாவிலேயே கலைஞர் யீ ஈலான் சபாவின் நெசவுப் பெண்களோடு சேர்ந்து பாயின் மேல் மேசைகளை நெய்த படைப்பு இருக்கிறது. மேசை என்பது காலனி நிர்வாகத்தின் அதிகாரம், பாய் என்பது எல்லாரும் சமமாக உட்கார்ந்த இடம். அது கலைக்கூடத்துக்குள் போனது, ஆனால் நெய்தவர்களின் ஊர்களிலும் வேலையும் பேச்சும் உண்டாக்கியது. எனவே கலைக்கூடமா வீதியா என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது தேவையில்லாத சண்டை. நான் கேட்பது கலைப்படைப்பே அல்ல. பட்டியல் கேட்கிறேன். பட்டியல் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, தையல் கோணினாலும் பரவாயில்லை.

நமக்குத்தான் நாவல்கள் இருக்கின்றனவே என்பார் சிலர். உண்மை. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்", அ. ரெங்கசாமியின் "நினைவுச் சின்னம்" இரண்டும் இல்லாவிட்டால் இந்தப் பெருந்துயரம் மலேசியத் தமிழில் இன்னும் மெலிந்துபோயிருக்கும். நாவலின் வேலை ஒரு மனிதனைப் படைத்து அவன் வழியாக ஆயிரம் பேரை உணர வைப்பது. பட்டியலின் வேலை நேர்மாறு, ஆயிரம் பேரையும் தனித்தனியாக நிறுத்துவது. ஒன்று செய்ததால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. இது நம் மரபில் இல்லாத மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்பவரிடம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். சொம்பிலும் தாம்பாளத்திலும் கொடுத்தவர் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுக்கும் சமூகம் நாம். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரையும் ஊரையும் நடுகல்லில் வெட்டி வைத்தவர்களின் வழி வந்தவர்கள். எவர்சில்வர் தட்டுக்குக் கொடுத்த மரியாதையைச் சயாமுக்குப் போனவருக்கும் கொடுக்கச் சொல்கிறேன். துணி மட்கிப்போகும் என்ற கவலையும் வேண்டாம். பேயூத் துணி கிடக்கிறது, நம் தோட்டத்துக் காகிதங்கள் எங்கே?

சயாமோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடை மூடல் இருந்தது, பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் தவறாக நடப்பதை நிறுத்துவது இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் பரவியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தலையில் காந்தி குல்லா அணிந்து நின்றவர்கள் அவர்கள். ஒரு வெள்ளைத் துணிக் குல்லாவை அரசாங்கம் மிரட்டலாக எடுத்துக்கொண்ட காலம் அது. இந்த வரலாற்றைப் பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். பூத்தையல் போட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் நிற்பது அந்தச் சைக்கிள்தான். இரண்டு வட்டம், ஒரு முக்கோணம், சங்கிலித் தையலில் ஒரு சங்கிலி. கூலி உயர்வு சதவீதமாகப் போய்விடும், அவமானம் சைக்கிளாக நிற்கும். எந்தத் தகவலை முன்னே வைப்பது என்று ஊசி எடுக்கும் முடிவு, புத்தகம் எடுக்கும் முடிவிலிருந்து இப்படித்தான் விலகுகிறது. புத்தகத்துக்கு மாற்றாக இதை வைக்கவில்லை. புத்தகம் தவறவிடுவது எது என்று காட்ட இது வேண்டும் என்கிறேன். 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதிக்கும் இது பொருந்தும். அந்தச் சிறையின் சுவரையே 2010-இல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கோலாலம்பூரில் அவர் பெயரைத் தேடிப் போகிறவர் எந்தச் சுவர் முன்னால் நிற்பது?

ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். யாராவது இதை இயக்கமாக்கி, வங்கிக் கணக்கு திறந்து, அமைச்சரை வைத்துப் பிரம்மாண்டமான ஒரே துணியாகச் செய்து சாதனைப் புத்தகத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. நம் ஆட்களைத் தெரியும் அல்லவா. அது மறுபடி சைபர் கணக்குத்தான். சாங்கியில் எவரும் பெரிதாகத் தைக்கவில்லை, ஆறு அங்குலம்தான் தைத்தார்கள். உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், கேட்டுச் சொல்ல ஒரு வயதானவர் இன்னும் இருந்தால், மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: அவர் பெயர், தோட்டத்தின் பெயர், திரும்பி வந்தாரா இல்லையா. ஒத்துப்போகாத பதில் வந்தால் அதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி தைத்தால் போதும். வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு கண்டு நூல், ஊசி. மஸ்ஜித் இந்தியாவில் அரை மீட்டர் கேட்டாலும் வெட்டித் தருவார்கள்.